மூணாவது அத்தியாயத்துல சாவுற ஃப்ரெண்டுக்காக ஒரு லெட்டர்

ஆசிரியர் சார், வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல, ஃபேண்டஸி கதை எழுத ஆசப்படுற பசங்களுக்கு டிப்ஸுன்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாதான் இருந்துச்சி. மேப் போட்டுக்கோ, மந்திரத்துக்கு ஒரு ரூல் வெச்சிக்கோ, வில்லனுக்கு ஒரு காரணம் குடு, எல்லாம் கரெக்ட்டு. ஆனா ஏழாவது பாயின்ட்ட படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. ஹீரோவோட சின்ன வயசு ஃப்ரெண்ட மூணாவது அத்தியாயத்துக்குள்ள முடிச்சிடுங்க, அப்பதான் ஹீரோவுக்கு ஊர விட்டுக் கெளம்ப ஒரு வெறி வரும், கதையும் ஸ்பீடா போவும்னு அந்த டிப்ஸ் எழுதுனவரு போட்டிருக்காரு. அதோட வுட்டாரா, எப்படியும் அதுக்கப்புறம் அவனுக்குக் கதைல வேலை கிடையாதுன்னு ஒரு வரி வேற. அந்த வேலை கிடையாதுங்கற வார்த்தைக்காகத்தான் சார் இந்த லெட்டர். கொஞ்சம் பெருசாதான் போவும். எடம் இல்லன்னா எங்க வேணா கட் பண்ணுங்க, எங்கம்மா வர்ற எடத்துல மட்டும் கை வெக்காதீங்க.

நான் யாருன்னு சொல்லிடுறேன், இல்லன்னா இவனுக்கு இதப் பத்தி இன்னா தெரியும்னு நெனப்பீங்க. பழைய வண்ணாரப்பேட்டைல, எம்.சி. ரோட்டுல இருந்து ரெண்டு சந்து தள்ளி, ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன். ஆதார் லேமினேஷன், வாடகை அக்ரிமென்ட், காலேஜ் ப்ராஜெக்ட் ஸ்பைரல், காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதான் பொழப்பு. ஆனா நாலஞ்சி வருஷமா புதுசா ஒரு கூட்டம் வருது, கதை எழுதுற பசங்க. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொத்தியூர்ல இருந்துலாம் பென்டிரைவ தூக்கிக்கினு வரானுங்க, அண்ணா போட்டிக்கு அனுப்பணும், பேக் டு பேக் ரெண்டு செட்டு போடுங்கன்னு. போன்ல அடிச்சது யூனிகோடுல இருக்கும், யார் வூட்டு பழைய கம்ப்யூட்டர்லயோ அடிச்சது பாமினின்ற பழைய ஃபான்ட்ல இருக்கும், ஓபன் பண்ணா பாதி பக்கம் கோழி கிறுக்குன மாதிரி வரும், அத மாத்தி, கொம்பு கால் எங்கியாவது ஒடஞ்சிருக்கான்னு ஒவ்வொரு பக்கமா பாத்துதான் பிரிண்ட் குடுக்கணும், அப்டி பாக்கும்போது படிக்காம எப்டி இருக்கறது சொல்லுங்க. படிச்சிடுவேன். டிராகன் கதைக்குக் கதை மாறுது, மந்திரவாதி மாறுறான், ஒருத்தன் இமயமலைன்றான் இன்னொருத்தன் கடலுக்கு அடிலன்றான், அந்த ஃப்ரெண்டு சாவுறது மட்டும் அப்டியே இருக்கு.

போன மாசம் ஒரு தம்பி வந்தான். இரநூத்தி பன்னண்டு பக்கம். எழுத்து நல்லா இருந்துச்சி சார், நெசமா சொல்றேன், உப்பங்கழியில ஒரு கோட்டை, அதுக்குக் காவலா நண்டு ரூபத்துல ஒரு பூதம், எண்ணூர் கழிமுகத்த பாத்து வளர்ந்த பையன்னு படிச்சாலே தெரியுது. பதினாலாம் பக்கத்துல ஹீரோவோட ஃப்ரெண்ட நண்டு தூக்கிக்கினு போயிடுது. பேரு பாக்கலாம்னு முன்னாடி திருப்புறேன், எங்கயும் பேரே இல்ல, நண்பன் நண்பன்னே இருக்கு. நான் கேட்டேன், இன்னா தம்பி பேர் டைப் பண்ண மறந்துட்டியா, இல்ல ஃபான்ட் மாத்தும்போது போயிடுச்சான்னு. அவன் சொல்றான், இல்லண்ணா, அவன் பதினாலாம் பக்கத்துல போயிடுவான், எதுக்குப் பேருன்னு வுட்டுட்டேன். டேய் குதிரைக்குப் பேர் வெச்சிருக்கியேடான்னேன். அண்ணா குதிரை கடைசி வரைக்கும் வருதுண்ணான்றான்.

சிரிச்சிட்டேன். ஆனா அன்னிக்கி சாயங்காலமே ஒரு கண்ணீர் அஞ்சலி ஆர்டர் வந்துச்சி, பத்தொம்பது வயசுப் பையன், பைக் ஆக்சிடென்ட். போஸ்டருக்குக் காசு குடுத்தது யாருன்றீங்க, தெருவுல கூட ஆடுன பசங்கதான், ஆளுக்கு அம்பது நூறுன்னு போட்டு கசங்குன நோட்டா எடுத்துக்கினு வந்தானுங்க, கீழ எங்க பேர்லாம் வரணும்ணா, ஒருத்தன் பேர் கூட வுட்டுடாதீங்கன்னு. முப்பத்தி ஒரு பேரு. எழுத்த எவ்ளோ சின்னதாக்கியும் எடம் பத்தல, கடைசில போட்டோவ கொஞ்சம் சுருக்கித்தான் ஏத்துனேன். எங்க ஏரியால ஃப்ரெண்டுன்னா பேரு வேணும் சார், சாவு போஸ்டர்ல கூட வேணும்.

சரி விஷயத்துக்கு வரேன். ஃபேண்டஸில ஃப்ரெண்டுன்னு சொன்னா எல்லாரும் ஒடனே லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல வர்ற சாம்ன்றவனத்தான் எடுத்துக்கினு வருவாங்க. நானும் அந்தப் படம் பாத்து அழுதவன்தான். ஆனா சாம் சின்ன கேரக்டர் கிடையாது, பாதி கதைய அவன்தான் தூக்குறான், அதுவும் இல்லாம அவன் ஹீரோ ஃப்ரோடோ வூட்டுத் தோட்டக்காரன், கடைசி வரைக்கும் மிஸ்டர் ஃப்ரோடோன்னு மரியாதையாதான் கூப்பிடுவான். மொதலாளிக்கு விசுவாசமா இருக்கறதும் ஒண்ணா வளந்தவன் கூட நிக்கறதும் வேற வேற சமாச்சாரம். நான் சொல்ல வந்தது இன்னொருத்தன, ஃபேட்டி போல்ஜர். படம் மட்டும் பாத்தவங்களுக்கு இவனத் தெரிஞ்சிருக்காது, இவன் பண்ண வேலை எதுவும் படத்துல வராது. புக்குலதான் இருக்கான்.

அந்த புக்கு 1954, 55ல மூணு பாகமா வந்தது, எனக்குக் கெடைச்சது மூணும் ஒண்ணா தைச்ச குண்டு புக்கு, சென்ட்ரல் பக்கத்துல அல்லிக்குளம் பழைய புக் கடைல. மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சப்ப நான் சின்னப் பையன், எங்கப்பா தோள்ல தூக்கிக்கினு போயி அந்தப் பொகைய காட்டுனாரு, அங்க இருந்த கடைங்கதான் பக்கத்துல அல்லிக்குளத்துக்கு வந்துச்சி. அந்த புக்க எடுத்துக்கினுதான் நான் 2004ல கல்ஃபுக்குப் போனேன். கேம்ப்புல பங்க் பெட்டு மேல படுத்துக்கினு, டிக்ஷனரிய தலகாணி பக்கத்துல வெச்சிக்கினு, நாளைக்கி மூணு பக்கம் நாலு பக்கம்னு படிச்சி முடிக்கவே ஒன்றரை வருஷம் ஆச்சி.

இந்த ஃபேட்டி யாருன்னா, ஃப்ரோடோவோட ஊர்க்காரன், கூட்டாளிங்க செட்டுல ஒருத்தன். நெஜப் பேரு ஃப்ரெடெகர், ஆளு குண்டுன்றதால ஃபேட்டி. ஃப்ரோடோ, வில்லன் தேடிக்கினு இருக்கற மந்திர மோதிரத்த எடுத்துக்கினு யாருக்கும் தெரியாம ஊர விட்டுப் போறான், மத்த கூட்டாளிங்க ரெண்டு பேரு கூடவே கெளம்பறாங்க, ஃபேட்டி மட்டும் நான் வரலப்பான்றான். அவனுக்கு ஊர தாண்டிப் போற ஆசையே கிடையாது. பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஆனா அவனுக்கு ஒரு வேலை குடுக்கறாங்க. ஃப்ரோடோ இன்னும் இங்கதான் இருக்கான்னு ஊரு நெனைக்கணும், அதனால ஃப்ரோடோ புதுசா வந்த வூட்லயே இவன் தங்கி, வர்றவன் போறவன சமாளிக்கணும், நடிக்க வசதியா இருக்கட்டும்னு ஃப்ரோடோவோட பழைய துணிமணி கொஞ்சம் கூட ரெடியா கொண்டாந்து வெச்சிருக்கான். அவ்ளோதான் வேலை. ஆனா அதான் அந்தக் கதைலயே ரொம்ப டேஞ்சரான வேலைங்கள்ல ஒண்ணு, ஏன்னா ஒரு ராத்திரி வில்லனோட ஆளுங்க, கருப்பு உருவம் மூணு, மோதிரத்த தேடிக்கினு வர்றது இந்த வூட்டுக்குத்தான்.

அவன் கத்திய உருவல சார். தோட்டத்துல கருப்பா எதோ நகர்றத பாத்தவொடனே பின்கதவ தொறந்துக்கினு ஒரே ஓட்டம். ஒரு மைலுக்கு மேல ஓடி, மொத வூட்டு வாசப்படில போய் வுழுந்து, நான் இல்ல, என்கிட்ட அது இல்லன்னு கத்துறான், அந்த வூட்டுக்காரங்களுக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பறம் எதோ ஆபத்துன்னு மட்டும் புரிஞ்சி கொம்பு ஊதறாங்க, ஒரு கொம்புக்கு இன்னொரு கொம்பு பதில் குடுத்து ஊரே எழுந்துக்குது, வந்தவங்க ஓடிப்போறாங்க. எனக்கு இந்த எடம் ஏன் புடிக்கும்னா அவன் பயந்தான், பயந்துதான் ஊர எழுப்புனான். வீரமா நின்னு சண்ட போட்டிருந்தா அந்த எடத்துலயே செத்துருப்பான், உங்க ஏழாவது பாயின்ட் ஆளுக்கு சந்தோஷமா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் நூத்துக்கணக்கான பக்கத்துக்கு அவன் பேச்சே இல்ல. நாமளும் மறந்துடுவோம், எரிமலை, யுத்தம், பட்டாபிஷேகம்னு கதை எங்கியோ போயிடுது. எல்லாம் முடிஞ்சி இவங்க ஊருக்குத் திரும்பி வந்தா, ஊர ரவுடிங்க புடிச்சி வெச்சிருக்கானுங்க. அவங்கள தொரத்திட்டு ஜெயில தொறக்கும்போது உள்ள கெடக்கறது ஃபேட்டி. இவங்க இல்லாத நேரத்துல மலைப்பக்கம் ஒளிஞ்சிக்கினு எதிர்த்துப் போராடுன ஒரு கூட்டத்துக்கு இவன்தான் தலைவனா இருந்திருக்கான், பொகை போட்டு வெளிய வரவெச்சி புடிச்சி உள்ள போட்டுட்டாங்க. குண்டா இருந்தவன் எளச்சி, நடக்கக் கூட முடியாம தூக்கிக்கினு வராங்க. எங்க கூடவே வந்திருந்தா நல்லா இருந்திருப்பியேடான்னு, ஃப்ரோடோ கூடப் போன கூட்டாளிங்கள்ல ஒருத்தன், பிப்பின், வருத்தப்படுறான். பிப்பின் வெளிய சுத்துனப்ப எதோ மந்திரத் தண்ணி குடிச்சி ஒசரமா ஆயிட்டிருக்கான், அவன ஒரு கண்ண தொறந்து பாத்துட்டு ஃபேட்டி கேக்கறான், யார்ரா இது பெரிய தொண்டையோட, நம்ம குட்டி பிப்பினா, இப்ப உன் தொப்பி சைஸு எவ்ளோடா?

தொப்பி சைஸு சார். அவ்ளோ அடி வாங்கிட்டு வந்தவன் கேக்கற கேள்விய பாருங்க. உங்க டிப்ஸ் எழுதுனவரு வேலை கிடையாதுன்னு சொன்னாரே, ஒலகத்துல வேற யாரு இந்தக் கேள்விய கேக்க முடியும்? ராஜா கேக்க முடியாது, மந்திரவாதி கேக்க முடியாது. பழைய தொப்பிய பாத்தவன் மட்டும்தான் கேக்க முடியும்.

இது இங்கிலீஷ்காரன் கதை, நமக்கு எதுக்குன்னு யாராவது சொல்லுவாங்க. நம்ம ஊர்ல இல்லாததா. விக்கிரமாதித்தன் கதைய எங்க ஆயா ராத்திரில சொல்லும், அதுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது வேதாளமும் முருங்கமரமும்தான், ராஜாவோட மந்திரி பட்டிய கேட்டா முழிப்பாங்க. ஆயிரம் வருஷம் ஆளலாம்னு ராஜாவுக்கு வரம் கெடைக்குது, ராஜா துள்ளிக் குதிக்கறான், பட்டிதான் ஒக்காந்து கணக்கு போட்டு, நாடு ஆறு மாசம் காடு ஆறு மாசம்னு இருந்துக்கோ, சிம்மாசனத்துல ஒக்கார்றது ஆயிரம் வருஷம்தான் ஆனா வாழறது ரெண்டாயிரம் ஆயிடும்ன்றான். சிம்மாசனம் குடுத்தது தேவலோகம், ஆயுச டபுள் ஆக்குனது கூட இருந்த கூட்டாளி. எங்க ஆயா இந்த எடத்துல பொடி போட்டுக்கினு, ராஜாவுக்கு வரம் வந்துச்சி, அவனுக்கு புத்தி வந்துச்சின்னு சொல்லும்.

அப்பறம் குகன். குகன் சின்ன வயசு ஃப்ரெண்டு இல்ல, ஒரு நாள் பழக்கம்தான், தெரியும், ஆனாலும் அவன வுட முடியாது, ஏன்னா அவனும் நிக்க வெச்ச ஆளு. கம்பராமாயணத்துல தேனும் மீனும் எடுத்துக்கினு வந்து நின்னு, நானும் உன்கூட காட்டுக்கு வரேன்றான், ராமன் வேணாம், உன் சனம் என் சனம், நீ இங்க இருந்து அவங்கள பாத்துக்கோன்றான். ஓட்டறவன் கரையிலயே நின்னுடறான். கதை அந்தப் பக்கம் போயிடுது. ஆனா அப்பறம் பரதன் சேனையோட வரும்போது, இவன் ராமன் மேல படையெடுத்துக்கினுதான் வரான்னு தப்பா நெனச்சி, அந்த மொத்த படைக்கும் எதிர்ல நிக்கறது யாரு? நான் இருக்கும்போது இந்த ஆத்த தாண்டிடுவாங்களான்னு சொல்லிட்டு, ‘தோழமை என்று அவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ’ன்றான். பத்தாவதுல எங்க தமிழ் ஐயா இந்த வரிய சொல்லும்போது கடைசி பெஞ்சில காசிமேட்டுப் பசங்க நாலு பேரு டெஸ்க்க தட்டுவானுங்க, எங்க ஆளுடான்னு. படகு வெச்சிருக்கறவன்லாம் அவங்க ஆளு.

இப்ப என் கதைக்கு வரேன்.

என் ஃப்ரெண்டு பேர போட மாட்டேன், போட்டா கடைக்கே வந்து திட்டுவான். நம்மாளுன்னு வெச்சிக்கோங்க. கொருக்குப்பேட்டைல ஒரே தெரு, ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணாதான். மொதல்ல மீன்பாடி வண்டி ஓட்டுனான், இப்ப குட்டியானை, விடியக்காலைல காசிமேட்டுல இருந்து ஐஸ் பொட்டி ஏத்திக்கினு மார்க்கெட்டு மார்க்கெட்டா போடுவான். நான் கல்ஃபுக்குப் போறப்ப அவனுக்கும் விசாவுக்கு ஏற்பாடு பண்றேன்னு சொன்னேன். வரலடா, அங்க போயி யார் கூட சண்ட போடறதுன்னான். நான் உள்ளுக்குள்ள நெனச்சேன், இவன் தேற மாட்டான்னு. பன்னண்டு வருஷம் நான் அப்டிதான் நெனச்சிக்கினு இருந்தேன்.

எங்கம்மாவுக்கு 2014 வாக்குல ஞாபகம் போவ ஆரம்பிச்சிடுச்சி. மொதல்ல அடுப்ப அணைக்க மறந்துச்சி, அப்பறம் கெழமை மறந்துச்சி, அப்பறம் ஆளுங்க. தங்கச்சி தாம்பரம் பக்கம் கட்டிக்கினு போனது, வாரத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போவும். நான் வெள்ளிக்கெழமைல போன் பண்ணுவேன். ஒரு நாள் அம்மா போன எடுத்துட்டு கேட்டுச்சி, யாருப்பா பேசறது? நான்தாம்மா, உன் புள்ளன்னேன். அம்மா கோவமா சொல்லுச்சி, போன வெய்யி, என் புள்ள இங்க குந்திக்கினு டீ குடிச்சிக்கினு இருக்கான், நீ யார்ரா என் புள்ளன்றதுக்கு?

லைன் கட் ஆயிடுச்சி. நான் கேம்ப் வாசல்ல மணல்ல நின்னுக்கினு இருந்தேன்.

விஷயம் இன்னான்னா நம்மாளு தெனம் சாயங்காலம் வண்டிய போட்டுட்டு எங்க வூட்டுக்குப் போயிக்கினு இருந்திருக்கான். ஒரு நாள் மழைல நனஞ்சிக்கினு போனப்ப அம்மா பொட்டிய தொறந்து என் பழைய ப்ளூ கட்டம் போட்ட சட்டைய எடுத்துக் குடுத்துருக்கு, அத போட்டவொடனே என் பேர சொல்லி கூப்ட்டிருக்கு. மொதல் தடவ இல்லம்மா நான் இவன்னு சொல்லியிருக்கான், அம்மா மொகம் மாறிடுச்சாம், எம்புள்ள எங்கன்னு அழ ஆரம்பிச்சிடுச்சாம். அடுத்த தடவ கூப்ட்டப்ப இன்னாம்மான்னு கேட்டுட்டான். அதுல இருந்து தெனம் அந்தச் சட்டைய மாட்டிக்கினுதான் போவான், மாத்திரை குடுப்பான், கல்யாணம் எப்ப பண்ணிக்கப் போறேன்னு அம்மா கேட்டா தை மாசம்மான்னுவான். அவனுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு புள்ளைங்க சார். 2015 டிசம்பர் மழைல தெருவுல இடுப்புக்குத் தண்ணி வந்தப்ப அம்மாவ தோள்ல தூக்கிக்கினு எதிர் மாடிக்குக் கொண்டு போனதும் அவன்தான், எனக்கு மூணு நாள் லைன் கெடைக்கல, நாலாவது நாள் கெடைச்சப்ப அவன் சொன்னது ஒரே வரி, அம்மா சாப்ட்டுச்சி, நீ வேலைய பாரு.

2016ல நான் மொத்தமா வந்துட்டேன், வந்து நாலு மாசத்துல அம்மா போயிடுச்சி. வந்தப்ப நம்மாளு என்கிட்ட ரெண்டு வாரம் பேசல. எதிர்ல வந்தா சந்துல திரும்பிடுவான். அம்மா காரியம் முடிஞ்சி அந்தச் சட்டைய தொவச்சி மடிச்சி, பேப்பர்ல சுத்தி, கடை டேபிள் மேல வெச்சிட்டு, பட்டன் ஒண்ணு போயிடுச்சின்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் ஒரு நாள் அந்த குண்டு புக்க திரும்ப எடுத்து மொதல்ல இருந்து படிக்கும்போது, ஃபேட்டி ஃப்ரோடோவோட பழைய துணிய வெச்சிருந்தான்ற வரி வந்துச்சி. முன்னாடி படிச்சப்ப அந்த வரி கண்ணுல கூட படல. அன்னிக்கி அதுக்கு மேல படிக்க முடியல, மூடி வெச்சிட்டு ஷட்டர எறக்கிட்டேன்.

அதனால ஆசிரியர் சார், எழுதுற பசங்களுக்கு நீங்க அடுத்த தடவ டிப்ஸ் போடும்போது அந்த ஏழாவது பாயின்ட்ட கொஞ்சம் மாத்தச் சொல்லுங்க. கொல்லவே கூடாதுன்னு நான் சொல்லல, கதைன்னா சாவும் இருக்கும். ஆனா கொல்றதுக்கு முன்னாடி அவன் ஹீரோ கிட்ட எதாவது ஒண்ண கடன் வாங்கிட்டு திருப்பித் தராம இருக்கட்டும், ஒரு சீப்பாவது, அப்பதான் செத்தா நமக்கு உறுத்தும். சும்மா மூணு பக்கம் சிரிக்க வெச்சிட்டு, நாலாவது பக்கம் ரத்தத்துல போட்டுட்டு, ஹீரோவ ஓன்னு கத்த வெச்சா அது வந்து பலி ஆடு, ஃப்ரெண்டு இல்ல. எங்க ஏரியாவ வெச்சி எடுக்கற படத்துலயும் இதே கதிதான், ஒரு கேரம்போர்டு, ஒரு ஃபுட்பால், ஒரு கானா பாட்டு, இன்டர்வெல்ல ஃப்ரெண்டுக்குக் கத்திக்குத்து. வடசென்னைல நாப்பத்தஞ்சி வயசு வரைக்கும் உசுரோட இருக்கற ஃப்ரெண்டுங்க எவ்ளோ பேர் இருக்கோம், ஒருத்தனும் எங்கள படம் எடுக்க மாட்றான், சுகர் மாத்திரை போடறவன் எப்டி சார் திரைல வருவான்.

பெருசாவும் ஆக்க வேணாம். அதுவும் ஒரு தப்பு, சில பசங்க நான் சொன்னவொடனே ஃப்ரெண்டுக்கும் ஒரு மந்திரக் கத்தி, அவனுக்கும் ராஜ வம்சம்னு கெளம்பிடறானுங்க. ஃபேட்டி வர்ற பக்கத்தலாம் கிழிச்சி சேத்தா எங்க கடை பில் புக்கு சைஸு கூட வராது. சின்ன ஆளு சின்ன ஆளாவே இருக்கட்டும், அவனுக்கு ஊர்ல ஒரு வேலை குடுங்க, அவ்ளோதான். ஹீரோ டிராகன் பின்னாடி சுத்தும்போது அவன் வூட்டு வரி கட்டறது யாரு, மாட்டுக்குத் தண்ணி காட்டறது யாரு, ஆத்தா செத்தா கொள்ளி வெக்கறது யாரு? அத ஒரு பாரா எழுதுங்க. திரும்பி வந்தா அவனுக்குக் கோவம் இருக்கட்டும். எல்லா கதைலயும் ஹீரோ திரும்பி வந்தவொடனே ஃப்ரெண்டு ஓடி வந்து கட்டிப் புடிக்கறான், அது எப்டி சார் முடியும், ரெண்டு வாரமாவது பேச மாட்டான், எனக்குத் தெரியும்.

நான் இந்த லெட்டர டைப் பண்ணும்போது என் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, அப்பா பொண்ணுங்கள வுட்டுட்டியேன்னுச்சி. அது பாக்கற ஜப்பான் கார்ட்டூன்லலாம் பக்கத்து வூட்டுல சின்ன வயசுல இருந்து கூட வளந்த பொண்ணு ஒண்ணு இருக்குமாம், அதுதான் சோறு கட்டிக் குடுக்கும், அதுதான் காலைல எழுப்பி வுடும், ஆனா எங்கிருந்தோ புதுசா வந்த பொண்ணத்தான் ஹீரோ கடைசில லவ் பண்ணுவானாம். எப்பவும் தோக்கற கேரக்டராம் அது. இதுக்கு நான் இன்னா சொல்றதுன்னு தெரியல, நீயே ஒரு லெட்டர் எழுதுன்னு சொல்லிட்டேன். வந்தா அதையும் போடுங்க.

அந்த நண்டுக் கோட்டைத் தம்பி போன வியாழக்கெழமை திரும்ப வந்தான். போட்டிக்கு இன்னும் டைம் இருக்காம். புது பைல், இப்ப இரநூத்தி பத்தொம்பது பக்கம். பதினாலாம் பக்கத்த தொறந்தேன். நண்டு வருது, ஃப்ரெண்டு கால வுட்டுட்டு ஓடிடறான், ஹீரோ தனியா படகேறிப் போறான். கடைசில ஏழு பக்கம் புதுசா சேத்துருக்கான், ஹீரோ திரும்பி வரும்போது அந்த ஃப்ரெண்டு நொண்டிக்கினே கரைல வலை காய வெச்சிக்கினு இருக்கான், ஹீரோவ பாத்துட்டு, மூஞ்ச திருப்பிக்கினு, உன் வூட்டுக் கூரைய மூணு தடவ நான்தான் மாத்துனேன், ஓலைக்குக் காசு குடுன்றான். எனக்கு அந்தக் காசு குடுன்றது ரொம்ப புடிச்சிச்சி, வாய் வுட்டு சிரிச்சிட்டேன்.

ஆனா நண்பன் நண்பன்னே இருந்துச்சி, ஏழு பக்கத்துலயும். டேய் இன்னும் பேர் வெக்கலியாடான்னு கேட்டேன். நெறைய யோசிச்சேண்ணா, எது வெச்சாலும் செட் ஆவல, உங்களுக்குத் தெரிஞ்ச பேர் எதாவது சொல்லுங்களேன்னான். நம்மாளு அந்த நேரம் கடைக்கு வெளிய குட்டியானைய நிறுத்திட்டு, எவ்ளோ நேரம்டா, டீ ஆறுதுன்னு ஹாரன் அடிச்சிக்கினு இருந்தான். நான் தம்பி காதுல சொன்னேன். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டோம், நாப்பத்தி மூணு எடம் மாறுச்சி.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.